உரிமம் மட்டும் போதுமா?

ஜே.ஆர்.டி. டாடா பாரீசில் பிறந்தவர், எங்களைப் போலப் பிரெஞ்சில் படித்தவர். 1929இல் விமானி உரிமம் பெற்ற அவர், 1982இல், 78 வயதில், லெப்பர்ட் மாத் விமானத்தைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தானே ஓட்டிவந்தார்.

அது வாலை ஊன்றி நிற்கும் வகை. பாரம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், இறங்கி ஓடும்போது சற்றுக் கோணினாலும் வால் சுழன்றுவிடும். முழுதாக நிற்கும்வரை சுக்கான் மிதிகளில் கால்கள் விழிப்பாக இருக்கவேண்டும்.

அமெரிக்காவில் இவ்வகை விமானத்தில் பயணியை ஏற்ற வேண்டுமானால், முந்தைய 90 நாட்களில் மூன்று முறையாவது ஏறி, இறங்கி, முழுதாக நிறுத்தியிருக்க வேண்டும். பொழுதுபோக்காகத் தனியே பறப்பவரும் இதைத் தமக்கு விதித்துக்கொள்வதே நியாயம் என்பேன். பழக்கம் விட்டிருந்தால் பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டட்டும், அதில் வெட்கமில்லை. கோப்பிலுள்ள உரிமம் காலுக்குத் தெரியாது.

நம் வயதில் ஸ்கூட்டருக்கும் இதே கணக்குத்தான், நண்பர்களே.