வெயிலின் குற்றமா, இரத்தத்தின் குற்றமா?

வெயில் பட்டவுடன் கழுத்தும் புறங்கையும் சிவந்து, கறுத்து, தோல் உரியும் ஒருவரைக் கண்டால், "அது அந்தக் குடும்பத்து வாகு" என்று கூறிவிடுவது நம்மவர் வழக்கம். சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் இச்சொல்லை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். அச்சொல்லினால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போவதும் உண்டு. இஃது அவசரத் தீர்ப்பு என்பதே நமது அபிப்பிராயம். நம்மைப் போலவே பருத்தியையும் தறியையும் நம்பி வாழ்ந்த மக்களின் வரலாறு ஒன்று இதற்குச் சான்று பகரும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'பெல்லக்ரா' என்னும் நோய் பரவிற்று. வெயில் படும் தோல் தீய்ந்தாற்போலாகும். வயிற்றுப்போக்கும் சித்தக் கலக்கமும் தொடரும். முடிவில் மரணமும் நேரும். 1906 முதல் 1940 வரை சுமார் ஒரு லட்சம் பேர் இதனால் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரே குடும்பத்தில் பலருக்கு நோய் கண்டமையால், இதற்கு ஆளாகும் தன்மை பரம்பரையாக வருவது என 1916-ல் சார்லஸ் டேவன்போர்ட் என்னும் அறிஞர் எழுதினார்.

ஆனால் அரசாங்க மருத்துவரான ஜோசப் கோல்ட்பெர்கர் வேறொன்றைக் கவனித்தார். அநாதை விடுதிகளில் பிள்ளைகளுக்கு நோய் வந்தது. உடனிருந்த பணியாளருக்கு வரவில்லை. பிள்ளைகளின் உணவில் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் சேர்த்தார், நோய் அகன்றது. 1915-ல் மிஸிஸிப்பிச் சிறைப் பண்ணையில் ஆரோக்கியமான 11 கைதிகள் உடன்பட்டுச் சத்தற்ற மக்காச்சோள உணவை உண்டனர். சில மாதங்களில் 6 பேருக்கு நோய் கண்டது. 1916 முதல் தென் கரோலினாவின் நெசவாலைக் கிராமங்களை ஆராய்ந்தபோது, வருவாய் குறையக் குறைய நோய் மிகுவது புலனாயிற்று. சுற்றிலும் பருத்தியே விளைந்த ஊர்களில் பாலும் காயும் கிடைப்பது அரிதாயிருந்தது.

குடும்பத்தைப் பீடித்தது இரத்தமன்று. அவர்கள் உண்ட ஒரே பானை! குறைவுபட்ட சத்து 'நயாசின்' என 1937-ல் தெளிவாயிற்று. அச்சத்தில்லாத தோல், வெயிலின் தாக்குதலிலிருந்து தன்னைச் சீர்செய்துகொள்ள வலுவற்றதாகும். நம் நாட்டிலும் தக்காணத்தில் சோளமே உண்டு வாழ்ந்த ஏழை மக்களிடையே இந்நோய் கண்டதை ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்களான கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் எழுதினர்.

அப்படியாயின் பரம்பரைக்குப் பங்கே இல்லையா எனின், உண்டு. 1956-ல் லண்டன் மருத்துவர்கள் 'ஹார்ட்னப்' நோயை விவரித்தனர். வெயிலில் அதே போன்ற தடிப்பு. ஆயின் காரணம் பிறவியிலேயே அமைந்த மரபணுக் குறை. உணவிலுள்ள சில சத்துக்களைக் குடல் சரிவர ஏற்பதில்லை. அம்மரபணு எது என்பது 2004-ல் கண்டறியப்பட்டது. வியப்பு யாதெனில், இதற்கும் மருந்து அதே நயாசின் இனத்துச் சத்தேயாம். நல்லுணவு பெறுவோர் பலருக்கு இந்நோய் வெளிப்படுவதேயில்லை.

ஆகவே, இரத்தத்திலே உள்ளதும் விதியன்று. பானையும் வெயிலும் சேர்ந்தே அதனை நோயாக்குகின்றன. வெயிலினால் வரும் தோல் நோய்கள் பல; எல்லாம் பெல்லக்ரா ஆகா. காசநோய் மருந்தொன்றும் மிகுந்த மதுப் பழக்கமும்கூட நயாசின் குறைவை விளைவிப்பதுண்டு. எது என்பதை மருத்துவரே கூற வேண்டும். திண்ணைப் பேச்சு கூறலாகாது.

நிர்வாகக் குழுவினருக்கு நமது வேண்டுகோள் இது. வெயில் தாங்காத அங்கத்தினரைச் சோம்பேறி என ஒதுக்காதீர்கள். வெயிலேறுமுன் முடியும் வேலையையோ நிழல் வேலையையோ அளியுங்கள். அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள். பண்டகசாலையில் பயறும் நிலக்கடலையும் மலிவாய்க் கிடைக்கச் செய்யுங்கள். ஒரு குடும்பத்தின் இரத்தத்தைப் பழிக்குமுன், அதன் அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்பதே கூட்டுறவாளர் கடமை.