முகமூடியின் அதிகாரம்

நைஜீரியாவின் தென்கிழக்குப் பிரதேசத்து இக்போ மக்களிடையே, திருவிழாவிலும் பெரியோரின் மரணச் சடங்கிலும் முகமூடி தரித்து வருகிற ‘ம்மன்வு’ மனிதனல்லன், மண்ணுக்கடியிலிருந்து எழுந்துவந்த மூதாதையரின் ஆவியே என்றும், வழக்கு விசாரித்து அது வழங்கும் தீர்ப்புக்கு ஊரார் கட்டுப்பட்டவரென்றும் நிலவிய நம்பிக்கையைப் பாதிரிமார் வெறும் வேஷமென்று இகழ்ந்தது, விஷயத்தின் பாதியை மட்டுமே கண்டதன் விளைவென்பது என் அபிப்பிராயம். வேஷமென்பது ஊருக்குத் தெரியாதா என்ன! சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட நாவலில், ஆவியின் நடையில் தம் கணவனின் நடையைக் கண்டிருக்கக்கூடிய மனைவியர் வாய் திறவாதிருக்கின்றனரே, அந்த மௌனம் அச்சத்தினால் மட்டும் விளைந்ததன்று. அதுவும் ஒரு வழிபாடே. நூறு பேர் ஆறு மாதம் உழைத்துச் சுமார் நான்கு மீட்டர் உயரத்தில் அமைக்கும் ‘இஜெலே’ முகமூடியை 2009இல் யுனெஸ்கோ பாரம்பரியச் செல்வமாகப் பட்டியலிட்டது நன்றே, தீர்ப்புரைத்த அந்தப் பழைய அதிகாரத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்களோ!