எடைக்கல்லில் ஏறிய இசை

ஒரு கலைஞன் எத்தனை கிலோவைச் சுமந்தான் என்பதைக் கொண்டு அவன் கலையை மதிப்பிடுவது உண்டா என்று கேட்டால், அப்படி ஒரு மூடத்தனம் எங்கும் இராது என்றே எவரும் விடை சொல்வர். ஆயினும் மேற்கத்திய வெகுசன இசைமேடைகளைச் சுற்றி நடக்கும் பேச்சைச் சற்று உற்றுக் கேட்டால், அந்த எடைக்கல் மறைவாக அங்கே தொங்கிக் கொண்டிருப்பது தெரியும். அறுவைச் சிகிச்சை முடிந்து தேறிவரும் ஒரு பேஸ் கலைஞர், வழக்கமான கனத்த கிட்டாரை வீட்டில் வைத்துவிட்டு, கைக்கு அடக்கமான உகுலேலே பேஸுடன் மேடையேறுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் என்ன வாசித்தார் என்று கேட்பதற்கு முன்பே, ‘இதென்ன விளையாட்டுச் சாமான்?’ என்ற ஏளனம் எழுந்துவிடுகிறது. இந்த ஏளனம் இசையறிவின்பாற்பட்டது அன்று. பாரத்தை வழிபடும் ஒரு பழைய மனநோயின் வெளிப்பாடு என்பதே நம் வாதம்.

முதலில் உடலின் கணக்கைப் பார்ப்போம். சாதாரண மின்சார பேஸ் கிட்டார் மூன்றரைக் கிலோவிலிருந்து நாலரைக் கிலோ வரை நிறுக்கும். அதற்கு மேற்பட்டவையும் உண்டு. அந்த எடை முழுவதும் ஒற்றைத் தோள்வாரில் தொங்குகிறது. வார் தோளை அழுத்தி மார்பின் குறுக்கே இறங்குகிறது. கருவியின் அடிப்பாகம் வயிற்றின்மீது சாய்கிறது. மூன்று மணிநேரக் கச்சேரியில் இந்த அழுத்தம் ஒரு கணமும் விலகுவதில்லை. குடலிறக்கத்திற்கு அறுவை செய்துகொண்டவருக்கு வயிற்றில் தையல். இதய அறுவைக்காக மார்பெலும்பைப் பிளந்து மீண்டும் இணைத்தவருக்கு அந்த எலும்பு ஒன்றுசேர வேண்டும். இப்படிப்பட்டவர்களை ஆறு முதல் எட்டு வாரம் வரை நாலைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது பொது வழக்கம். அளவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறலாம், எச்சரிக்கை மாறுவதில்லை. அந்த வரம்பைக் கருவி ஒன்றே எட்டிவிடுகிறது. பெட்டியும் ஒலிபெருக்கியும் இன்னும் கணக்கில் சேரவில்லை.

இந்த இடத்தில்தான் உகுலேலே பேஸ் உதவிக்கு வருகிறது. ரோடு டோடு மியூசிக் நிறுவனத்தின் ஓவன் ஹோல்ட் வடிவமைத்து, காலா நிறுவனத்தின் வழியே 2000களின் இறுதியில் ‘யூ-பேஸ்’ என்ற பெயரில் பரவலான கருவி இது. எடை ஒன்றிரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். தந்தியின் அதிர்நீளம் 20 அங்குலத்தை ஒட்டியது. வழக்கமான பேஸுக்கோ அது 34 அங்குலம். ஆனால் சுருதி குறைவதில்லை. அதே ஈ, ஏ, டி, ஜி, அதே ஆழம். கடைசித் தந்தியின் அதிர்வெண் பெரிய கருவியில் எப்படி 41 ஹெர்ட்ஸோ, இந்தச் சிறிய கருவியிலும் அப்படியே.

இது எப்படி இயலும் என்பதைக் கேலி பேசுவோர் ஒருமுறை சிந்தித்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டார்கள். தந்தியின் சுருதி அதன் நீளம், இழுவிசை, தடிமன் ஆகிய மூன்றையும் பொறுத்தது என்பதை மரீன் மெர்சென் 1636இலேயே எழுதி வைத்துவிட்டார். நீளத்தை 34இலிருந்து 20ஆகக் குறைத்துவிட்டு அதே சுருதியை எட்ட வேண்டுமானால், இழுவிசைக்கும் தந்தியின் நிறைக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக இறங்க வேண்டும். எஃகுத் தந்தியை அவ்வளவு தளர்த்தினால் அது தொய்ந்து மெட்டுகளில் மோதிக் கிறீச்சிடும். ஆகவே ரப்பர் போன்ற பாலியுரேத்தேன் தந்தியைத் தடிமனாக வார்த்துப் பூட்டினார்கள். காந்தப் பிக்கப்புக்கு இந்தத் தந்தி புலப்படாது. அதனால் குதிரையின் அடியில் அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப்பை வைத்தார்கள். 1980களில் வெளிவந்த ஆஷ்பரி பேஸ், சிலிக்கோன் தந்தியுடன் இந்த வழியை முன்னரே திறந்து வைத்திருந்தது. பொம்மை செய்பவர்களுக்கு இவ்வளவு பௌதிகம் தேவைப்படுவதில்லை.

கனத்தின் கட்சிக்காரர்கள் ‘மரபு’ என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். எந்த மரபு? அவர்கள் இன்று மார்போடு அணைத்துக்கொள்ளும் மின்சார பேஸ் கிட்டாரே மரபை மீறிப் பிறந்த குழந்தைதான். அதற்கு முன் பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ். காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு போகவேண்டிய அந்த உருவத்தை அமெரிக்கக் கலைஞர்களே ‘நாய்க்கூண்டு’ என்று செல்லமாகவும் சலிப்பாகவும் அழைத்தார்கள். 1951இல் லியோ ஃபெண்டர் தம் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அவர் விற்ற சரக்கு முதன்மையாக வசதிதான்: சுமக்க எளிது, மெட்டுகள் இருப்பதால் சுருதி துல்லியம், ஒலிபெருக்கியில் செருகினால் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும். அன்றைய டபுள் பேஸ்காரர்களில் பலருக்கு அது கருவியாகவே தோன்றவில்லை. அன்று ஏளனத்திற்கு ஆளான கருவியின் வாரிசுகள் இன்று தமக்கு இளைய கருவியை அதே சொற்களால் ஏளனம் செய்கிறார்கள். நேற்றைய மருமகள் இன்றைய மாமியார்.

சிறிய கருவி பெரிய இசைக்கு ஆகாது என்பதற்கும் வரலாறு சாட்சி சொல்ல மறுக்கிறது. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ், வயலின் வடிவில், உள்ளே குடைவாக, எடை குறைந்து, 30 அங்குல அதிர்நீளத்தோடு இருந்த மலிவு விலைக் கருவி. பீட்டில்ஸ் இசையின் அடித்தளம் பெருமளவு அவ்வகைக் கருவியின்மேல் எழுந்தது. 1972இல் களவுபோன அந்த முதல் ஹாஃப்னர் திரும்பக் கிடைத்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானபோது உலகம் கொண்டாடியது. அதன் எடை எவ்வளவு என்று அப்போது யாரும் குறைகூறியதாக நமக்குத் தெரியவில்லை. பானி ராயிட்டின் நெடுங்கால பேஸ் கலைஞரான ஹட்ச் ஹட்சின்சன் பெயரிலேயே யூ-பேஸ் ஒன்று விற்பனைக்கு வந்தது. தொழில் தெரிந்தவர்களுக்கு அளவைப் பற்றிய கூச்சம் இல்லை.

தமிழ் படித்த நமக்கு இந்தச் சண்டை புதிராகப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பத்துப்பாட்டில் இரண்டு ஆற்றுப்படைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. சீறியாழ் ஏந்தியவர் சிறுபாணர், பேரியாழ் ஏந்தியவர் பெரும்பாணர் என்பது மரபுவழி விளக்கம். நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துவது சிறுபாணனை. ஊர் ஊராக நடந்து, பசியோடு வழி கடந்து, புரவலன் வாயிலை அடையும் கலைஞன் கையில் எளிதில் எடுத்துச் செல்லும் கருவி இருப்பதில் அந்தப் புலவர் எந்த இழிவையும் காணவில்லை. பெயரில் உள்ள ‘சிறு’ யாழின் அளவைச் சொல்கிறது. பாணனின் தகுதியைச் சொல்லவில்லை. இந்த வேறுபாடு நம் பழம்புலவருக்குத் தெளிவாக இருந்தது. மின்விளக்கின் கீழ் நிற்கும் இன்றைய ரசிகருக்குத்தான் மங்கிவிட்டது.

உகுலேலே என்ற பெயரே ஏளனத்திற்கு வித்திடுகிறது என்பதை அறிவோம். சுற்றுலா விளம்பரங்களும் வேடிக்கைப் படங்களும் அதைக் கோமாளிக் கருவியாக்கிவிட்டன. அதன் பிறப்போ வேறு கதை. 1879இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல், போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஹொனலுலு வந்தடைந்தது. அதில் வந்த மரவேலைக்காரர் மூவர், தம் தீவின் சிறு தந்திக்கருவியைத் தழுவிச் செய்ததே உகுலேலே. ஹவாய் மன்னர் கலாகவுவா அதை அரண்மனைக்குள் அழைத்துக்கொண்டார். கடல் கடந்த உழைப்பாளர்களோடு வந்த ஒரு மரபு அது. அதன் சிற்றுருவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசிப்பது நல்லது.

நம் சினத்தின் மையம் இனித்தான் வருகிறது. உடல் நலிந்த கலைஞன் தன் கருவியை மாற்றிக்கொள்வதை இதே இசையுலகம் காவியமாகப் பாடியும் இருக்கிறது. 1928இல் வண்டிவீடு தீப்பற்றியதில் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் இடக்கையின் இரு விரல்கள் முடங்கின. நெடுங்காலம் படுக்கையில் கிடந்தபோது, தம்பி கொண்டுவந்து தந்த கிட்டாரில் எஞ்சிய விரல்களுக்கு ஏற்ற புதிய வாசிப்பைக் கண்டார். 1965இல் பர்மிங்ஹாம் தொழிற்சாலை ஒன்றில் வேலையின் கடைசி நாளன்று விரல் நுனிகளை இழந்த டோனி அயோமிக்குத் தெம்பு தந்தது அதே ஜாங்கோவின் இசைத்தட்டுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1948 கார் விபத்தில் முழங்கை நொறுங்கிய லெஸ் பால், கிட்டாரைப் பிடிக்கும் கோணத்திலேயே கையைப் பொருத்தும்படி மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டார். இவற்றையெல்லாம் மெய்சிலிர்க்கச் சொல்கிறோம். மெல்லிய தந்தி பூட்டிய அயோமி மேதை. மெல்லிய கருவி எடுத்தவர் மட்டும் கோழையா?

வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், வலி கண்ணுக்குத் தெரிகிறதா என்பதில் இருக்கிறது. 2015 ஜூனில் கோத்தன்பர்க் மேடையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட டேவ் குரோல், திரும்பி வந்து அந்தக் கச்சேரியை முடித்தார். அறுவைக்குப் பின் ஜூலையில் ஒரு பெரும் சிம்மாசனத்தில் அமர்ந்து வாசித்தார். அரங்கம் அதிர்ந்தது. அவர் துணிவைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் கட்டுப்போட்ட கால் ஒரு காட்சி. சிம்மாசனம் மற்றொரு காட்சி. சட்டைக்குள் மறைந்திருக்கும் வயிற்றுத் தையல் காட்சியாவதில்லை. அதைக் காக்க எடுக்கப்பட்ட சிறு கருவி வெறும் சிறு கருவியாகவே தெரிகிறது. துன்பத்தை ரசிக்கப் பழகிய கண்ணுக்குத் துன்பத்தைத் தவிர்க்கும் அறிவு சுவைப்பதில்லை.

எதிர்வாதங்களை மறைக்க வேண்டியதில்லை. உகுலேலே பேஸின் ஒலி விரைவில் அடங்கும். எஃகுத் தந்தியின் நீண்ட உறுமல் அதில் கிடைக்காது. மெட்டுகள் நெருங்கியிருப்பதால் விரல் சற்றுப் பிசகினாலும் சுருதி பிசகும். குடைவான உடல் என்பதால் மேடை ஒலி மிகுந்தால் ஊளையிடும். கன உலோக இசைக்கு அது பொருந்தாது என்றால் ஒப்புக்கொள்கிறோம். இவை செவியால் சொல்லப்படும் குறைகள். இவற்றுக்கு மரியாதை உண்டு. அதே கருவியின் குறுகி உருண்டு அடங்கும் ஒலி டபுள் பேஸை நினைவூட்டுகிறது என்பதையும் அதே செவி சொல்லும். கண்ணால் மட்டும் தீர்ப்புச் சொல்பவர்களுக்குத்தான் நாம் செவிசாய்க்க மறுக்கிறோம்.

‘உடம்பு சரியில்லை என்றால் ஓய்வெடுக்கட்டுமே’ என்று பரிவோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மாதச் சம்பளக்காரர்களாக இருக்கக்கூடும். கல்லூரியில் பணிபுரியும் நமக்கு மருத்துவ விடுப்பு என்று ஒன்று உண்டு. விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுப் படுக்கலாம். கச்சேரிக்குக் கச்சேரி கூலி பெறுபவனுக்கு அந்த விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பதென்று தெரியாது. அமெரிக்காவில் நோய்க்கால ஊதியத்தைக் கட்டாயமாக்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை. பிரிட்டனில் சட்டப்படியான நோய்க்கால ஊதியம் சுயதொழில் செய்வோருக்குக் கிடையாது. 1989இல் தொடங்கிய மியூசிகேர்ஸ் போன்ற அறக்கட்டளைகள் கைகொடுக்கின்றன என்றாலும், அறம் என்பது உரிமைக்கு மாற்றாகாது. இரண்டு மாதம் மேடையேறாதவன் இரண்டு மாத வருமானத்தோடு தன் இடத்தையும் இழக்கிறான். குழு அதற்குள் வேறொருவரைப் பழக்கிக்கொள்ளும். மருத்துவர் இசைந்த பின், எடை குறைந்த கருவியோடு திரும்பும் கலைஞனுக்கு அது ஆடம்பரம் அன்று, அரிசி.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை. ‘அதுதான் லேசான கருவி வந்துவிட்டதே, அடுத்த வாரமே வாருங்கள்’ என்று அழைக்கும் அமைப்பாளருக்கு நம் வாதம் ஆயுதமாகிவிடக் கூடாது. உகுலேலே பேஸ் தோளின் பாரத்தைக் குறைக்கும். காயம் ஆறும் நாட்களைக் குறைக்காது. ஒலிபெருக்கியைத் தூக்க வேறொரு கை வேண்டும். உட்கார்ந்து வாசிக்க ஒரு நாற்காலி வேண்டும். இடையில் நிறுத்திக்கொள்ளும் உரிமை வேண்டும். இவற்றைத் தராமல் சிறு கருவியை மட்டும் கையில் திணிப்பது, ஏளனம் செய்வதைவிடக் கொடியது. எப்போது திரும்புவது என்பதை மருத்துவரோடு பேசிக் கலைஞனே முடிவு செய்யட்டும். எதோடு திரும்புவது என்பதையும் அவனே முடிவு செய்யட்டும்.

ரசிகர்களிடம் நாம் வேண்டுவது மிகக் குறைவு. அடுத்த முறை மேடையில் ஒரு பேஸ் கலைஞர் சின்னஞ்சிறு கருவியோடு நிற்கக் கண்டால், சிரிப்பதற்கு முன் ஒரு பாட்டு முடியும்வரை பொறுங்கள். தாளத்தின் அடியில் அந்த ஆழ்ந்த சுரம் உரிய இடத்தில் வந்து விழுகிறதா, பாடுபவரின் குரலை அது தாங்கி நிற்கிறதா என்று மட்டும் கேளுங்கள். விழவில்லை என்றால் தாராளமாகக் குறை சொல்லுங்கள், அது விமர்சனம். விழுந்துவிட்டால் கைதட்டுங்கள், சட்டைக்குள் தையல் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி உங்களுக்கு எழவே வேண்டியதில்லை.