சுவரில் இருக்கும் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்

திருச்சி விமான நிலையத்தின் புது முனையத்தை 2024 ஜனவரி 2-ல் பிரதமர் திறந்து வைத்தார். செலவு 1,100 கோடிக்கு மேல். அந்த வருஷம் ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. உள்ளே ஸ்ரீரங்கம் கோபுரத்தை வண்ண வண்ணமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அடுத்த விமானத்துக்காக ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் காத்திருக்கும் நம் மக்கள் அந்தச் சுவர் முன் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அப்புறம் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, சார்ஜர் பாயின்ட்டுக்குச் சண்டை போட்டு, தூங்கி வழிந்து, கிளம்பிப் போய்விடுகிறார்கள். நிஜ கோபுரம் அங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான்!

இதைவிடப் பெரிய வீண் செலவு உண்டா?

காமர்ஸ் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று வரும். ஒன்றைச் செய்வதால் கைவிட்டுப் போகும் இன்னொன்றின் மதிப்பு. பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். விமான நிலைய நாற்காலி இலவசம் என்று நினைப்பவர்கள் அந்த ஐந்து மார்க்கை இழந்தவர்கள். அங்கே குடிக்கும் டீக்கும் தண்டம் அழ வேண்டும். 10 ரூபாய்க்கு டீ தருவதற்கென்றே 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' என்று தனியாக ஒரு கடை திறக்க வேண்டி வந்தது என்றால், மற்ற கடைகளில் விலை எப்படி இருந்திருக்கும்? வெளியே போக முடியாது என்று நினைக்கிற வாடிக்கையாளர் கிடைத்தால் எந்தக் கடைக்காரர் விலையைக் குறைப்பார்?

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

"சின்ன ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" இதைச் சொல்பவர்கள் சிங்கப்பூரில் நாலு மணி நேரம் கிடைத்தால் சாங்கி செயற்கை அருவிக்கு ஓடுவார்கள். திருச்சியில் சுமார் 83 மீட்டர் உயரப் பாறை மேல் பிள்ளையார் இருக்கிறார். படியேறும் வழியில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை இருக்கிறது. கீழே தெப்பக்குளம், பக்கத்திலேயே லூர்து மாதா கோவில், கொஞ்சம் தள்ளி நத்தர்வலி தர்கா. மூன்றும் ஒரே ஆட்டோ சுற்றில் முடியும். ஸ்ரீரங்கத்தில் ஏழு பிராகாரம், 21 கோபுரம். 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரம் மட்டும் ஏறத்தாழ 236 அடி. மதியம் நடை சாத்தியிருந்தாலும் கவலை இல்லை. வெளிப் பிராகாரங்கள் எல்லாம் வீடும் கடையுமாக இருக்கும் தெருக்கள். அங்கே நடப்பதற்கு யாரும் நேரம் குறித்து வைக்கவில்லை.

"ஃப்ளைட் மிஸ் ஆயிட்டா?" இது நியாயமான பயம். ஆனால் பயத்துக்கு மருந்து கணக்கு. காலை 6 மணிக்கு சிங்கப்பூரிலிருந்து இறங்கும் ஒருவருக்குப் பகல் 12 மணிக்குப் பெங்களூர் விமானம் என்று வைத்துக்கொள்வோம். குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டி எடுக்க ஒரு மணி நேரம். (வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு முதலில் இறங்கும் இந்திய விமான நிலையத்திலேயே பொதுவாக இதெல்லாம் முடிந்துவிடும். அதாவது அவர் ஏற்கெனவே வெளியேதான் நிற்கிறார்!) உள்நாட்டு விமானத்துக்கு செக்-இன் கவுன்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு மூடும். எனவே 10 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மிச்சம் மூன்று மணி நேரம். போக வர ஒன்றரை மணி போனாலும் ஒன்றரை மணி கையில்.

அதில் ஒரே ஒரு இடம். மலைக்கோட்டை அல்லது ஸ்ரீரங்கம். ரெண்டும் வேண்டும், போகிற போக்கில் கல்லணையும் வேண்டும் என்று ஆசைப்படுபவர்தான் விமானத்தை விடுவார். இடைவெளி ஐந்து மணிக்குக் குறைவு என்றால் உள்ளேயே இருக்கட்டும், தப்பில்லை. பெட்டி இல்லாதவர் புதுக்கோட்டை சாலையில் பஸ் பிடித்து மத்திய பேருந்து நிலையம் போய், அங்கிருந்து 1-ஆம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போகலாம். பெட்டியோடு இருப்பவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வாடகைக் கார்.

உண்மையான எதிரி பயம்கூட இல்லை, அந்தப் பெட்டிதான். வளைகுடாவிலிருந்து இரண்டு வருஷம் கழித்து வருபவரிடம் 30 கிலோ இருக்கும். அவரிடம் போய் "ஊரைச் சுற்றிப் பாருங்கள்" என்பது கேலி. முனையத்தின் கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் கோடிகள் போகும் நாட்டில், நம்பி பெட்டியை வைத்துவிட்டுப் போக ஓர் அறையும், வாசலிலிருந்து ஊருக்குள் அரை மணிக்கு ஒரு டவுன் பஸ்ஸும் எல்லா விமான நிலையத்திலும் இருக்கிறதா? லவுஞ்ச் கார்டு வைத்திருப்பவருக்கு சோபா உண்டு. கட்டட வேலைக்குப் போய் வந்தவருக்குத் தரைதான். அவர் வெளியே செலவழித்திருக்கக்கூடிய 300 ரூபாய், ஆட்டோக்காரருக்கும் மெஸ்ஸுக்கும் பூக்காரம்மாவுக்கும் போகாமலே போகிறது.

இதில் ஓசூர்க்காரர்களுக்கு என்ன என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஜவளகிரியிலிருந்து ஒருவர் விமானம் ஏற வேண்டுமென்றால் தளி, ஓசூர் வழியாக வந்து, பெங்களூர் நெரிசலை முழுசாகத் தாண்டித் தேவனஹள்ளி போக வேண்டும். பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் இருந்தும் பயணிகள் விமானம் இல்லை. 2024 ஜூன் 27-ல் ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பேர் வந்து போகும் விமான நிலையம் என்று சட்டசபையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். பெங்களூர் விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் 150 கிலோமீட்டர் நிபந்தனை 2033 வரை குறுக்கே நிற்கிறது.

எப்போது வந்தாலும் வரட்டும். ஆனால் வரைபடம் போடும்போதே பெட்டி அறையையும் பஸ் நிறுத்தத்தையும் அதில் போடச் சொல்லி இப்போதே கேட்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயும் சந்திரசூடேஸ்வரர் மலையைச் சுவரில் வரைந்து வைப்பார்கள். ஓசூர் வழியாகப் போகிறவர்கள் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு, ஓசூரைப் பார்க்காமலே போய்விடுவார்கள்.