எதற்காக எடுத்தோம்?

லினக்ஸ் கெர்னலின் கீரிங் கோடில் 2016 ஜனவரியில் வெளிவந்த ஓட்டை நம் துறையினருக்கு மறந்திருக்காது. ஒரு புராசஸ், தான் ஏற்கெனவே வைத்திருக்கும் செஷன் கீரிங்கையே பெயர் சொல்லி மறுபடி கேட்கிறது. கெர்னல் தேடி எடுக்கும்போது ரெஃபரன்ஸ் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. கையில் இருப்பதும் இதுவேதான் என்று தெரிந்ததும், கோடு பிழைக்கான லேபிளுக்குத் தாவி வெளியேறுகிறது. அந்த லேபிள் மியூடெக்ஸை ஒழுங்காக விடுவித்தது. கூட்டிய ஒன்றைக் கழிக்க மறந்தது. அந்த எண்ணிக்கையை வைத்திருக்கும் எண்ணி 32 பிட்தான். அது நிரம்பிச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டால், பயன்பாட்டில் உள்ள கீரிங்கின் நினைவகமே விடுவிக்கப்பட்டுவிடும். சாதாரணப் பயனர் ரூட் ஆக அது போதும். 2013இல் வந்த 3.8ஆம் பதிப்பிலிருந்தே இந்த ஓட்டை இருந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வழியில் பிழை எதுவும் நேரவில்லை; திருப்பித் தந்த மதிப்பு பூஜ்யம், அதாவது வெற்றி. பிழைப் பாதையைச் சரிபார்ப்பவர் கண்ணில் வெற்றிப் பாதை படாமல் போனதில் வியப்பில்லை.

ஃபியூடெக்ஸ் கோடில் கதை நேர்மாறு. பகிர்ந்த கோப்பின் மீது காத்திருக்கும் த்ரெட்டுக்காக அது ஐநோடின் எண்ணிக்கையைக் கூட்டி வைத்தது. வெளியேறும் வழிகளில் எல்லாம் கழிப்பதற்கு ஒரு ‘புட்’, அதற்கென லேபிள்கள். 2020இல் யான் ஹார்ன் அடிப்படையையே கேள்விக்கு உள்ளாக்கினார்: எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் மட்டும் ஐநோடு நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. பீட்டர் ஸைல்ஸ்ட்ரா ஐநோடு பாயின்டரையே கைவிட்டு, அதன் இடத்தில் 64 பிட் அடையாள எண்ணை வைத்தார். புராசஸின் எம்எம் அமைப்பைப் பிடித்து வைத்ததும் வீண்வேலை என்று தெரிந்தது. டாஸ்க் காத்திருக்கும்வரை எம்எம் எங்கும் போய்விடாது. இரண்டும் போனபின் ‘புட்’ வெற்று ஃபங்ஷன் ஆயிற்று. அதே ஆண்டில் அதையும் அதன் லேபிள்களையும் நீக்கினார்கள்.

முதல் கோடில் ஒரு ‘புட்’ குறைந்தது. இரண்டாவதில் எல்லா ‘புட்’களும் இருந்தும் காப்பு இல்லை. கணக்கு நேராக இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது.

2017 முதல் கெர்னலில் உள்ள ‘ரெஃப்கவுன்ட்’ வகை, எண்ணியைச் சுற்றி வர விடாமல் ஒரு நிலையான மதிப்பில் நிறுத்திவிடும். 2023இல் வந்த ‘கார்டு’ மேக்ரோ, ஸ்கோப் முடிந்ததும் லாக்கைத் தானே விடுவிக்கும். மறதிக்கு இவை நல்ல மருந்து. ஆனால் ஒரு ரெஃபரன்ஸை ஏன் எடுத்தோம் என்று கம்பைலருக்குத் தெரியாது.

ஆகவே, பிழைப் பாதைகளைச் சீர்செய்யும் பேட்ச் அனுப்பும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எண்ணிக்கையைக் கூட்டும் ஒவ்வொரு ‘கெட்’டும் எந்தப் பொருளை, யாரிடமிருந்து, எதுவரை காக்கிறது என்று சேஞ்ச்லாகில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாதவரை லேபிளில் கைவைக்க வேண்டாம்.