மேல்சித்தாமூர் வரை ஒரு நடை

திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறும் வெளியூர்க்காரர் என்றால், டிக்கெட் அநேகமாகக் கோட்டைக்குத்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். கூட்டம் வரட்டும், நல்லதே. ஆனால் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி அமைதியாகக் கிடக்கும் மேல்சித்தாமூரை எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கேதான் இருக்கிறது. பெரிய பார்சுவநாதர் கோயில், பாறையிலேயே தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய மலைநாதர் கோயில் என்று பார்க்கவும் நிறைய உண்டு. காரில் வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று, இந்த ஊர் ஒரு நெடிய நடைபாதையில் இருக்கிறது என்பது.

திகம்பரத் துறவிகள் வாகனம் ஏறமாட்டார்கள். (மடாதிபதியான பட்டாரகருக்கு இந்த விதி கிடையாது.) மழைக்காலத்தில் புழு பூச்சி மிதிபடக் கூடாதென்று நான்கு மாதம் ஒரே ஊரில் தங்குவார்கள். மற்ற நாளெல்லாம் நடைதான். சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரே வேளை, நின்றபடி, கையில் வாங்கி. அதையும் இல்லறத்தார் முறைப்படி சமைத்துத் தர வேண்டும். அப்படியானால் ஒரு நாள் நடை தூரத்துக்குள் ஒரு நயினார் குடும்பமாவது இருந்தாக வேண்டும், இல்லையா? திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பக்கத்துச் சின்னச் சின்னக் கிராமங்கள்தான் இந்தச் சங்கிலியின் கண்ணிகள்.

பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னை போய்விட, வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இப்போது பக்தர்கள் வேனில் அடுப்பும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்ச் சமைத்து வைக்கிறார்கள். துறவி நடக்கிறார், அடுப்பு வண்டியில் வருகிறது! குறை சொல்ல முடியாது, வேறு வழியில்லை.

ஆகவே மேல்சித்தாமூரை விளம்பரப் பலகை வைத்துச் சுற்றுலாத் தலமாக்குவதைவிட, நடக்கிறவர்களுக்கு உருப்படியாக ஏதாவது செய்யலாம். சாலையை அகலப்படுத்தும்போது நடக்க ஓரம் விடலாம், வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் வைக்கலாம், ஊருக்கு ஊர் ஒரு தண்ணீர்க் குழாயும் திண்ணையும் போதும். இது துறவிக்கு மட்டுமா? மேல்மருவத்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடக்கிறவர்களும் இந்த வட்டாரத்து ரோடுகளில்தான் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள்.

காலில் தெம்பிருந்தால் மேல்சித்தாமூரிலிருந்து செஞ்சிப் பக்கம் திருநாதர் குன்று வரை நடந்து பாருங்கள். பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்கு 12 பேராக. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழங்கல்வெட்டும் அங்கே உண்டு. அவரும் நடந்துதான் வந்திருப்பார்.