கொப்பியை மூடிப் பார்ப்போம்

தவணைப் பரீட்சை நெருங்கினால் நம்மில் பலர் செய்வது குறிப்புக் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான். முக்கிய வரிகளுக்கு நிறமும் தீட்டுவோம். பாடம் பிடிபட்டது போலத் தோன்றும். வினாத்தாளைக் கண்டதும் மறந்துபோகும். உடனே, “பிள்ளைக்குக் கவனம் போதாது” என்பார்கள். என் கருத்தில், குறை பெரும்பாலும் பிள்ளையிடம் இல்லை. படிக்கும் முறையில் இருக்கிறது.

ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. ஒரு பகுதியை இரு தடவை வாசித்த மாணவர்கள், ஐந்து நிமிடத்தின் பின் முன்னின்றார்கள். ஒரு தடவை வாசித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரத்தின் பின் முந்திவிட்டார்கள். முன்னவர்களுக்கு 42 வீதம் நினைவிருந்தது. பின்னவர்களுக்கு 56 வீதம்.

இது நமக்குப் புதிதல்ல. ஹிப்ழு மத்ரஸாவில் ஒரு பிள்ளை குர்ஆனைப் பார்த்து ஓதுவதோடு நின்றுவிடுவதில்லை. பாராமல் உஸ்தாதிடம் ஓதிக் காட்டுகிறது. பழைய பாடத்தையும் விடாமல் மீட்டுகிறது. அந்த முறையை ஏன் விஞ்ஞானத்துக்கும் வரலாற்றுக்கும் கொண்டுவரக் கூடாது?

ஒரு பாடவேளையில் கடைசி ஐந்து நிமிடம் போதும். கொப்பியை மூடிவிட்டு மூன்று வினாக்களுக்கு விடை எழுதலாம்: இன்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியைகள் சொல்வது நியாயம்தான். ஆனால் முடித்த அலகு மறந்துபோனால் அதை முடித்ததாகக் கொள்ளலாமா?

ஒரு நிபந்தனை: இதற்குப் புள்ளி வேண்டாம், இடமும் வேண்டாம். டெசி, ரையன் ஆகியோரின் ஊக்கல் கோட்பாட்டின்படி, சுயவிருப்பு, ‘என்னால் முடியும்’ என்ற உணர்வு, பிறரோடுள்ள பிணைப்பு ஆகிய மூன்றுமே உள்ளார்ந்த ஆர்வத்தை வளர்க்கின்றன. ஒவ்வொரு சிறு வினாவுக்கும் இடம் போட்டால், பின்வாங்கில் இருப்பவளுக்கு இவற்றில் எது மிஞ்சும்? பிழை விட்டாலும் வெட்கப்படத் தேவையில்லை என்று தெரிந்தால்தான் அவளும் பேனையை எடுப்பாள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். “எத்தனையாம் பிள்ளை?” என்று கேட்பதற்கு முன், “இன்று படித்ததைக் கொப்பி பாராமல் சொல்லுங்க மகள்” என்று கேளுங்கள். அந்தப் பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.